செஞ்சிப் பாறைக்கு என்ன நிறம்?

முதல் நாள்: செஞ்சி

திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் ஜன்னலில் பாறைகள் வர ஆரம்பிக்கும். யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்குவதற்கு ஆள் வரும் என்று சொல்லிப் போனவர் திரும்பி வராத மாதிரி ஒரு குவியல். கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலை போகும்போதெல்லாம் இந்த வழியாகத்தான் போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் "ஒருநாள் இங்கே இறங்கி வரையணும்" என்று நினைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவேன். இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், இறங்கியே விட்டேன்.

திட்டம் ஒன்றும் பெரிதில்லை. ஐந்து நாள். முடிந்த இடத்தில் நடை, முடியாத இடத்தில் டவுன் பஸ். பிடித்த இடத்தில் உட்கார்ந்து வாட்டர்கலர். கூட வருபவர் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான் ஆபீசில் கணக்கு பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமை ஓவியன். அவர் அப்படி இல்லை. கல்லூரி நாட்களில் விடியற்காலையில் பலகையும் தண்ணீர் டப்பாவுமாகக் காவிரிக்கரைக்கோ கோயில் குளத்துக்கோ "ஸ்பாட்" போய், வெயில் ஏறுவதற்குள் ஒரு படம் முடித்துவிட்டு வகுப்புக்குப் போனவர். கும்பகோணத்துக்காரர்களின் வாட்டர்கலரைப் பார்த்தாலே தெரியும், வெயிலில் உட்கார்ந்து கற்ற கை அது.

என் பையின் எடை ஒன்பது கிலோ. மடக்கு நாற்காலி, சின்ன ஈசல் (படப்பலகையை நிறுத்தும் ஸ்டாண்ட்), 24 டியூப், மூன்று நோட்டு, குடை. அண்ணன் தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதில் ஒரு பேட், மூன்று பிரஷ், பழைய மிட்டாய் டப்பா ஒன்று. டப்பாவுக்குள் ஆறு கலர் காய்ந்து கிடந்தது. என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "வீடு மாத்தறியா?" என்று கேட்டார்.

கோட்டைக்குள் போகும் எல்லோரும் ராஜகிரிக்குத்தான் போகிறார்கள். நாங்கள் சாலைக்கு வடக்கே இருக்கும் கிருஷ்ணகிரிப் படிகளில் பாதி ஏறி அங்கிருந்து எதிர்மலையைப் பார்த்து உட்கார்ந்தோம். கீழே கல்யாண மகால், அதைச் சுற்றிப் புதர், அதற்குப் பின்னால் ராஜகிரி. இந்தக் கோட்டையின் வரலாற்றை எழுத ஆரம்பித்தால் ஐந்து நாளும் அதற்கே போய்விடும். 1677இல் சிவாஜி பிடித்தார், பிறகு முகலாயர், பிறகு தேசிங்கு ராஜா, பிறகு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்தது இது ஒன்றுதான். சரி, அவ்வளவு போதும். எனக்கு வேண்டியது பாறை.

இந்தப் பாறைகளுக்கு இருநூறு கோடி வயதுக்கு மேல் இருக்கும் என்று நிலவியல்காரர்கள் சொல்கிறார்கள். யாரும் கொண்டுவந்து அடுக்கவில்லை. மண்ணுக்கு அடியில் ஒரே கட்டியாகக் கிடந்த கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விழுந்து, அந்த வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, மூலைகள் முதலில் உளுத்துப்போய், சுற்றியிருந்த மண் மழையில் கரைந்து ஓடியபின் மிச்சம் நிற்பவைதான் இந்த உருண்டைகள். அதனால்தான் ஒன்றின்மேல் ஒன்று அத்தனை கச்சிதமாகப் பொருந்தி நிற்கிறது. இதைப் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் பென்சிலால் கோடு போடும்போதுதான் உறைத்தது. மேல் கல்லின் அடிவளைவும் கீழ்க் கல்லின் மேல்வளைவும் பிரித்துவைத்த ஒரே கோடு.

கோடு வந்தது. கலர்தான் வரவில்லை. அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் நல்ல சாம்பல் வரும், வாட்டர்கலர் தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதைத்தான் கலந்தேன். பதினொரு மணி வெயிலில் பிரஷை எடுத்து அடுத்த இழுப்பு இழுப்பதற்குள் முந்தின இழுப்பு காய்ந்து, வாஷ் (தண்ணீர் நிறையக் கலந்து பரவலாகப் போடும் பூச்சு) முழுக்க ஓரம் ஓரமாகக் கோடு விழுந்தது. நனைத்துத் தேய்த்ததில் காகிதம் புசுபுசுவென்று ஆகிவிட்டது. இரண்டு மணி நேரத்தின் முடிவில் மழைக்காலத்து எருமை மந்தை ஒன்று என் நோட்டில் நின்றது.

அப்புறம் குரங்கு. கோட்டைக்குள் குரங்குகள் உண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பத்திரமாக உள்ளே வைத்திருந்தேன். டியூபை யார் திருடுவார்கள்? தாட்டியான ஆண் குரங்கு ஒன்று நிதானமாக நடந்து வந்து, இருபத்து நான்கில் பர்ன்ட் சியன்னாவை மட்டும் எடுத்துக்கொண்டு மதில்மேல் ஏறி, கடித்து, முகத்தைச் சுளித்து, மறுபடி கடித்தது. வாயெல்லாம் வெற்றிலை போட்ட மாதிரி ஆகிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, அது சுட்ட மண்தான், இரும்புத்துரு. டியூபை அந்தப் பக்கம் பள்ளத்தில் வீசிவிட்டுப் போனது. அண்ணன் சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடித்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டீக்கடை. நோட்டை விரித்து வைத்திருந்தேன். கடைக்காரர் டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "நல்லாருக்குது சார். ஊட்டியா?"

கடையிலிருந்து பார்த்தால் அந்த மலை தெரிகிறது.

இரண்டாம் நாள்: திருநாதர்குன்று

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு அந்த எருமைப் படத்தைப் போடச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். போட மாட்டேன்.

நாற்காலி, ஈசல், இரண்டு நோட்டு எல்லாவற்றையும் லாட்ஜ் அறையில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். செஞ்சிக்கு வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் திருநாதர்குன்று. வயலில் சம்பா அறுவடை பாதி முடிந்திருந்தது. அறுத்த வயலில் கொக்குகள். மணிலா போட்டிருந்த ஒரு கொல்லையில் (இந்தப் பக்கம் வேர்க்கடலையை மணிலா என்றுதான் சொல்வார்கள்) தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரிடம் வழி கேட்டதற்கு, "சாமிங்க உக்காந்துகினு இருக்குமே, அந்தப் பாறையா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் காட்டினார்.

சாமிகள் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். ஒரு பெரிய தனிப்பாறையின் முகத்தில் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள் 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை. எல்லோரும் ஒரே அளவு, ஒரே இருப்பு, பெரிய சிற்ப வேலைப்பாடு என்று சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு பெரிய பாறையில் மற்ற இடம் முழுக்கத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் அந்தச் சிற்பி எனக்கு வாத்தியார் ஆகிவிட்டான். பாறை பாறையாகவே இருக்கிறது. அதன் நெற்றியில் மட்டும் ஒரு பட்டை.

பக்கத்தில் ஒரு பாறையில் வட்டெழுத்துக் கல்வெட்டு, தமிழின் பழைய எழுத்து வடிவம். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டதன் நினைவு. அதன் முதல் சொல் ஐம்பத்தேழு. தமிழ்க் கல்வெட்டுகளில் "ஐ" என்ற எழுத்து முதலில் கிடைப்பது இங்கேதான் என்று எழுத்தியல் படித்தவர்கள் காட்டுவார்கள். எனக்கு எழுத்தைவிட அந்தக் கணக்குதான் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தேழு நாள் ஒரே பாறைமேல். காலை வெயில், உச்சி வெயில், மாலை வெயில், ராத்திரிக் குளிர். அந்தப் பாறைக்கு என்ன நிறம் என்று அவரைக் கேட்டிருக்கலாம்.

அண்ணன் இன்று என்னை வரைய விடவில்லை. காலை ஏழிலிருந்து எட்டு வரை ஒரு பாறையைப் பார், கண்ணில் படும் நிறத்தை எல்லாம் பேர் சொல்லி எழுது, பிரஷைத் தொடாதே என்று சொல்லிவிட்டார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். அப்படிப் பார்த்தால் சில்லறை விவரமெல்லாம் மறைந்து வெளிச்சமும் நிழலும் இரண்டு பெரிய துண்டாகத் தெரியும். ஓவியக்காரர்களின் பழைய வித்தை. ஒரு மணி நேரத்துக்கு ஒரே கல்லைப் பார்ப்பது முதல் பத்து நிமிஷம் தண்டனை. அதற்குப் பிறகு நிஜமாகவே ஏதோ திறந்துகொள்கிறது. நான் எழுதிவைத்த பட்டியல் அப்படியே:

வெயில் படும் பக்கம், பழைய தந்தம். கொஞ்சம் கீழே, பன்னீர் ரோஜாவின் வெளி இதழ். மழைத்தண்ணீர் வழிந்த தடம், எண்ணெய்க் கறுப்பு. அதன் ஓரம், பச்சை கலந்த வெள்ளை, பாறைப்பாசி. நிழல் பக்கம் கத்தரிக்காய். அடிவாரத்தில் மண்ணிலிருந்து எதிரடிக்கும் வெளிச்சம், சுட்ட ஓடு. பறவை எச்சம், சுண்ணாம்பு.

சாம்பல் என்று ஒரு வரிகூட இல்லை. நேற்று இரண்டு மணி நேரம் நான் எதைப் பார்த்து வரைந்தேன் என்றே தெரியவில்லை. பாறை என்றால் சாம்பல் என்று மண்டையில் இருந்ததைப் பார்த்து வரைந்திருக்கிறேன். டீக்கடைக்காரர் ஊட்டி என்றதில் தப்பே இல்லை.

இந்த மாதிரி இடத்திலேயே உட்கார்ந்து வரைவதில் நம்ம ஊரில் ஓவியர் சில்பியை மிஞ்ச ஆள் இல்லை. கோயில் கோயிலாகப் போய் மூர்த்தங்களுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவர். அவர் கோட்டில் ஒரு ஆபரணத்தின் மணிகூடக் குறையாது. அண்ணனுக்கு அவர்மேல் பக்தி. சிறு வயதில் அவர் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய நோட்டு இன்னும் வைத்திருக்கிறார். வழி நெடுக அதைப் பற்றியே பேசிக்கொண்டு திரும்பினோம். கோட்டைக்குள் மறுபடி போகவில்லை. குரங்கின் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள்: மண்டகப்பட்டுக்கு நடை

இன்று கால் பேசுகிறது, கை ஓய்வு. விழுப்புரம் சாலையைப் பிடித்து நேராகப் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். லாரிக்குப் பயந்து ஊர்களுக்குள் புகுந்து ஏரிக்கரை ஏரிக்கரையாகப் போனதில் நாள் முழுக்க ஆகிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான்.

காலை ஆறேகால் மணிக்கு ஒரு தெரு. மார்கழி முடிந்தும் கோலம் பெரிதாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் பேத்தி போட்ட கோலத்துக்குச் செம்மண் கரை கட்டிக்கொண்டிருந்தார். கொட்டாங்குச்சியில் கரைத்த செம்மண், துணி சுற்றிய விரல், ஒரே இழுப்பு. நான் வாஷ் போடும்போது வராத அந்த ஒரே சீர், அவருக்குக் குனிந்த வாக்கில் வந்துகொண்டிருந்தது. ஈர மண் முதலில் ரத்தச்சிவப்பாக இருந்து, காயக் காய வெளுத்து, கடைசியில் எந்த நிறத்துக்கு வந்து நின்றது தெரியுமா? குரங்கு தின்ற பர்ன்ட் சியன்னா.

"இந்த மண்ணு எங்கம்மா எடுப்பீங்க?"

"ஏரிக்கு அந்தாண்ட கரைமேட்டுல. இன்னாத்துக்கு?"

"படம் வரையறதுக்கு."

என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "பட்டணத்துல கலரு விக்கலையா?" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, வெறும் மண்ணைக் கரைத்துப் போட்டால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும், பிசின் போடணும் என்று அவரே சொன்னார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்து நோட்டு ஒட்டக் கருவேலம் பிசின்தானாம் அவர்களுக்கு.

அவர் சொன்னது அப்படியே சரி. கடையில் வாங்கும் வாட்டர்கலரிலும் முக்கியமாக இருப்பது நிறப்பொடியும் வேலமரத்துப் பிசினும்தான். அது பெரும்பாலும் ஆப்பிரிக்க வேலமரத்துப் பிசின். நம் கருவேலம் அதற்கு நெருங்கிய சொந்தம். சீமைக்கருவேலம் ஊரெல்லாம் நிறைந்துகிடக்க, நாட்டுக் கருவேலத்தைத் தேடத்தான் கொஞ்சம் அலைந்தோம். ஏரி உள்வாயில் இருந்தது, மஞ்சள் உருண்டைப் பூவோடு. அடிமரத்தில் எப்போதோ யாரோ வெட்டிய காயத்தில் தேன்நிறத்தில் கட்டி கட்டியாகப் பிசின். அண்ணன் கத்தியால் நெம்பி எடுத்தார். முள் என் கையில் ஏறியது.

மண் சலித்த கதையையும் சொல்லிவிடுகிறேன், செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஆகும். தண்ணீர் பாட்டிலை இடுப்போடு வெட்டி, இரண்டு பிடி செம்மண் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, நூறு எண்ணும் வரை சும்மா விடவேண்டும். மணலும் கல்லும் அடியில் போய்விடும். மேலே கலங்கலாக நிற்பதுதான் நமக்கு வேண்டிய நைஸ் மண். அதை வேறு பாட்டிலில் இறுத்துக்கொண்டு அடியில் தங்கியதை வீசிவிட வேண்டும். இதையே மூன்று முறை. கடைசி இறுப்பைக் கைக்குட்டையில் வடிகட்டி மூடி வைத்துவிட்டால் ராத்திரிக்குள் மண் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். தெளிவைக் கொட்டிவிட்டால் மீதி இருப்பது வெண்ணெய் மாதிரிச் சேறு. பிசினைப் பொடித்து வெந்நீரில் ஊறப்போட்டால் காலையில் கரைந்திருக்கும். கலங்கல் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே மிச்ச வழியெல்லாம் நடந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு ஒரு அடி ஒதுங்கிப் போனார்கள்.

வழியில் ஒரு ஆலமர நிழலில் ஒரு மணி நேரம் படுத்துக்கொண்டோம். வரைந்தது ஒன்றே ஒன்று, ஒரு பனைவரிசை, பென்சிலில், ஐந்து நிமிஷம். அது நன்றாக வந்தது என்று நினைக்கிறேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, அவர் அகராதியில் அது பாராட்டு.

மண்டகப்பட்டு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பாறையைக் குடைந்த சின்ன மண்டபம். இரண்டு பக்கமும் வாயில்காப்போர், உள்ளே மூன்று கருவறைகள், மூன்றும் காலி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டியது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச்சாந்து இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்காக விசித்திரசித்தன் (அவனுடைய பட்டப்பெயர்தான்) இதை எடுப்பித்தான் என்று அவனுடைய வடமொழிக் கல்வெட்டு தூணில் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்தபோது வெறும் பெருமையடிப்பாகத் தெரிந்தது. ஒன்பது கிலோப் பையோடு கிளம்பி, ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, ஒரு பாட்டில் மண்ணோடு போய் நின்றவனுக்கு அந்த "இல்லாமல்" வேறு மாதிரிக் கேட்டது. அவனுக்கு இன்னொரு பட்டம் சித்திரகாரப்புலி. ஓவியர்களில் புலி. கலர் தெரிந்த ஆள் இங்கே கலர் இல்லாமல் நின்றிருக்கிறான்.

சுவரில் செங்கல் துண்டால் யாரோ ஒரு ஜோடிப் பெயர், அதைச் சுற்றி இதயம். வருஷமும் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லா வளமும் கிடைக்கட்டும், கூடவே ஒரு வாளியும் பிரஷும்.

விழுப்புரத்துக்குப் பஸ். அறையில் பாட்டிலை ஆடாமல் வைக்க இடம் தேடி, கடைசியில் டிவி ஸ்டாண்டில் வைத்தோம்.

நான்காம் நாள்: பனமலை

தெளிந்துவிட்டது! காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன். மேலே தெளிவான தண்ணீர், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சிவப்பு. பரீட்சை ரிசல்ட் பார்த்த மாதிரி இருந்தது. அறையின் குளியலறைத் தரையில் தட்டையான கூழாங்கல்லால் பிசின் நீரோடு அரை மணி நேரம் அரைத்தோம். மண்ணுக்குக் கால்பங்கு பிசின் நீர். கூடினால் காய்ந்ததும் பிளாஸ்டிக் மாதிரிப் பளபளக்கும், குறைந்தால் விரலில் ஒட்டும். முதல் முறை விரலில் ஒட்டியது. அப்புறம் சரியானது. தரையைக் கழுவத்தான் அதைவிட நேரம் பிடித்தது. அறைப் பையன் வந்து வாசலில் நின்றுகொண்டு ஒன்றும் கேட்காமல் போனான்.

தளவானூர்க் குகைக்கோயிலையும் இன்றைக்குள் பார்த்துவிட நினைத்திருந்தோம், பஸ் தவறிவிட்டது. விடுங்கள். நேராகப் பனமலை.

சின்ன மலை, கீழே பரந்த ஏரி, மேலே தாளகிரீஸ்வரர் கோயில். ராஜசிம்மன் கட்டியது, காஞ்சி கைலாசநாதரைக் கட்டிய அதே பல்லவன். இங்கே ஒரு சின்னச் சன்னதிச் சுவரில் அவன் காலத்து ஓவியம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிவன் ஆடியதை உமை நின்று பார்க்கிற காட்சி. ஆடிய சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த உமை மிஞ்சியிருக்கிறாள். தலைக்குமேல் குடை, உயர்ந்த கிரீடம், ஒரு காலை மடித்துச் சுவரில் சாய்ந்த மாதிரி நிற்கிறாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் நிற்கிற நிற்பு அது. ராணியாகவும் இருக்கிறாள்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டு. சுவரில் சுண்ணப் பூச்சு, அதன்மேல் சிவப்புக் காவி, மஞ்சள் காவி, கரி. கிட்டத்தட்ட எல்லாமே மண்ணும் சாம்பலும்தான். என் ஜோல்னாப் பையில் (ஆமாம், நானும் ஜோல்னாப் பைக்கு மாறிவிட்டேன்) டப்பாவில் இருந்த சேற்றை நினைத்துக்கொண்டு கொஞ்சம் கூச்சத்தோடு நின்றேன். படம் எடுக்கும்போது நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று இப்படிப்பட்ட ஓவியங்கள்மேல் தண்ணீர் தெளிக்கும் ஆட்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒவ்வொரு தெளிப்புக்கும் உப்பு பூத்துப் பூச்சு கழன்றுவரும்.

வெளியே வந்து ஏரியைப் பார்த்து உட்கார்ந்து புதுக் கலரை முதல்முறை காகிதத்தில் வைத்தேன். டியூப் கலர் மாதிரி வழவழவென்று பரவவில்லை. பிரஷ் போன பிறகு, தண்ணீர் வற்ற வற்ற, மண்துகள் காகிதத்தின் குழிகளில் போய் உட்கார்ந்து சொரசொரவென்று புள்ளி புள்ளியாக நின்றது. பாறையின் தோல்! இதை வரவழைக்க எத்தனை நாள் உப்பும் ஸ்பாஞ்சும் வைத்துக்கொண்டு போராடியிருக்கிறேன். அதில் துளி அல்ட்ராமரைன் விட்டதும் நிழல் பக்கத்துக் கத்தரிக்காய் நிறமும் வந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இதையே போட்டுக்கொண்டிருந்தேன். படம் என்று ஒன்றும் போடவில்லை. அண்ணன் ஏரியை முடித்து, மலைப்படியை முடித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிட்டார்.

கிளம்பும்போது என் கட்டங்களைப் பார்த்தவர், "நிழல் கிடைச்சிடுச்சு. வெயில் பக்கத்துக்கு என்ன கலர் வைக்கப் போறே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய தந்தம் எந்த மண்ணில் கிடைக்கும்?

ஐந்தாம் நாள்: கீழ்வாலை

கீழ்வாலையில் சாலையோரத்துப் பாறைக் குன்றுகளில் செங்காவி ஓவியங்கள் இருக்கின்றன. வரலாற்றுக்கு முந்தைய காலத்தவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மனித உருவங்கள், சிலவற்றின் முகம் பறவை அலகு மாதிரி நீண்டிருக்கிறது. முகமூடியாக இருக்கலாம். சின்னச் சின்ன உருவங்கள் என்பதால் கண் பழகும்வரை ஒன்றும் தெரியாது, பழகியபின் ஒவ்வொன்றாக வெளியே வரும். போட்டவர்கள் நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மழையை மறைக்கிறது, நேர் வெயிலும் குறைவு. எங்கேயோ தூரத்தில் கல் உடைக்கும் மெஷின் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த மாவட்டத்தில் பாறையைப் பார்த்தால் சிலருக்கு ஓவியம் தெரிகிறது, சிலருக்கு ஜல்லி.

ஓவியத்தைத் தொடாமல், என் கட்டங்கள் போட்ட தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். ஒரே குடும்பத்து நிறம். என்னுடையது கொஞ்சம் ஆரஞ்சு, அவர்களுடையது ரத்தம் காய்ந்த சிவப்பு. பிசின் போட்டார்களா, கொழுப்பா, என்னவோ, என்னுடையது அடுத்த ஆடி வரை தாங்கினால் பெரிது.

குன்றைவிட்டுத் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் இடம் பிடித்தேன். எதிரே மூன்று பாறைகள். பெரியது குந்தியிருக்கிறது, மேலே ஒன்று சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் பிளந்த ஒன்று. காகிதத்தை மடியில் நிழலில் வைத்துக்கொண்டேன். வெயிலில் வைத்தால் வெள்ளை கண்ணைப் பறித்து எல்லாக் கலரையும் அடர்த்தியாகப் போட வைத்துவிடும். முதல் நாள் செய்த தப்புகளில் அதுவும் ஒன்று. தாளின் பின்புறத்தை ஈரத்துணியால் ஒற்றினேன், வாஷ் சீக்கிரம் காயாமல் இருக்க. இது அண்ணன் நான்காவது நாள்தான் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

கண்ணைப் பாதி மூடிப் பார்த்தபோது வெயில் பக்கம் நிறமே இல்லாமல் போய்விட்டது. அப்படியே காகிதம் மாதிரி. அப்போதுதான் திருநாதர்குன்றில் அந்தச் சிற்பி தொடாமல் விட்ட பாறை ஞாபகம் வந்தது. சரி, தொடவில்லை. நிழல்களை மட்டும் போட்டேன், மண்ணும் நீலமும். தண்ணீர் வழிந்த கறுப்புத் தடங்கள். பாறைக்கடியில் இருந்த செம்மண்ணை அதே செம்மண்ணால். பின்னால் வானத்தை லேசாக. வெயில் பக்கத்தில் பிரஷ் படவே இல்லை. நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேனா என்று எனக்கே சந்தேகம், கை இன்னும் ஒரு இழுப்புக்குத் துடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் பிரஷைப் பிடுங்கிக்கொண்டார்.

ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். தலையில் துண்டு, தோளில் தொரட்டி. ஆடுகளை வேலங்காய்க்கு விட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். வெகுநேரம் பேச்சே இல்லை. ஒரு குட்டி வந்து என் தண்ணீர் டப்பாவில் வாய் வைத்தது, விரட்டினேன். டீக்கடைக்காரர் நினைவு வந்துவிட்டது. இவர் எந்த ஊர் என்று கேட்பார், ஏற்காடா, கொடைக்கானலா?

பெரியவர் குனிந்து, ஈரம் காயாத தாளில் படாமல் விரலை அரை அங்குலம் மேலே வைத்து, நடுவில் இருந்த பெரிய பாறையைக் காட்டினார்.

"இது தவளக்கல்லு. எங்கப்பாரு காலத்துல இது மேல ஏறித்தான் தூங்குவாங்கோ." விரல் நகர்ந்து மேல்பாறைக்குப் போனது. "இதும்மேல ஏறாதிங்க தம்பி. ஆடும்."

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பென்சிலால் தவளக்கல்லு என்று எழுதிக்கொண்டேன். விழுப்புரம் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. அவரும் உட்கார்ந்துகொண்டு மற்ற பாறைகளின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார்.